கோணல் காசும் மண்ணின் சான்றும்

நுழையும்முன்

இன்று நம் கையில் புழங்கும் நாணயங்கள் பெரும்பாலும் வட்டமானவை. ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன் தமிழகத்தில் வழங்கிய வெள்ளிக்காசுகளோ ஒன்றைப்போல் மற்றொன்று இராதவை. அவற்றின் வடிவமும், அவை கிடைத்த இடமும் சேர்ந்து வரலாறு கூறுவதை இப்பாடம் விளக்குகிறது.

வடிவம் பிறந்த முறை

பழங்கால இந்தியாவின் முத்திரைக் காசுகள் வெள்ளித் தகட்டிலிருந்து நறுக்கப்பட்டவை. எடை மிகுந்திருப்பின் மூலையைக் கத்தரித்து அதனைச் சரிசெய்தனர். பின்னர் ஞாயிறு, மரம், விலங்கு முதலிய சின்னங்களைத் தனித்தனி முத்திரைகளால் பதித்தனர்.

உரோமானியரின் தெனாரியஸ் என்னும் வெள்ளிக்காசு வேறு முறையில் உருவானது. இரு அச்சுகளுக்கிடையே வெள்ளி வில்லையை வைத்துச் சுத்தியலால் அடித்தனர். கையால் அடித்தமையால் உருவம் ஒருபுறம் ஒதுங்கியது, விளிம்பு பிளந்தது. வட்டத்தைவிட எடையும் தூய்மையுமே காசின் மதிப்பை உறுதிசெய்தன.

தமிழகம் வந்த வெள்ளி

யவனர் மரக்கலத்தில் பொன்னுடன் வந்து மிளகுடன் மீண்டதை அகநானூற்றின் 149ஆம் பாடல் காட்டுகிறது. அவ்வணிகத்தின் சுவடுகளைக் கோவையை அடுத்த வெள்ளலூரில் கிடைத்த உரோமானிய வெள்ளிக்காசுகளிலும் காணலாம். அவற்றுள் பெரும்பாலானவை அகஸ்டஸ், திபேரியஸ் ஆகிய பேரரசர்களின் காலத்தவை.

மாம்பலம் தரும் பாடம்

சென்னை மாம்பலத்தில் கிடைத்த புதையலில் எழுநூற்றுக்கும் மேற்பட்ட முத்திரைக் காசுகளுடன் அகஸ்டசின் தெனாரியஸ் ஒன்றும் இருந்தது. முத்திரைக் காசுகளில் அரசர் பெயரோ ஆண்டோ இல்லை. அகஸ்டஸ் ஆண்ட காலம் கி.மு. 27 முதல் கி.பி. 14 வரை என்பது தெரிந்ததே. எனவே, அப்புதையல் அவர் காலத்திற்கு முன் புதைக்கப்பட்டிருக்க இயலாது. அவர் காலத்திலோ அதற்குப் பின்னரோ முத்திரைக் காசுகள் இங்கு மதிப்புடன் இருந்தன என்பதும் புலனாகிறது. அந்த ஒற்றைக் காசை ஒருவர் தனியே எடுத்துச் சென்றிருந்தால், எஞ்சியவற்றின் காலச்சான்றும் அதனுடன் போயிருக்கும்.

சேகரிப்போர் கடமை

மாம்பலத்திற்கும் தொன்மையான காஞ்சிக்கும் இடைப்பட்ட நிலப்பரப்பில் அமைந்தது திருப்பெரும்புதூர் – ஒரகடம் தொழில் வழித்தடம். தொழிற்சாலைகளுக்காகவும் சாலைகளுக்காகவும் இங்கு மண் ஆழமாகத் தோண்டப்படுகிறது. பெருங்கற்கால ஈமச்சின்னங்கள் மிகுந்த வட்டாரம் இது. பொறி அள்ளும் மண்ணில் காசு தென்படின், அதனைக் கண்ட தொழிலாளியே வரலாற்றின் முதல் காவலர் ஆகிறார்.

அவ்வேளையில் காசைப் புளியிட்டுத் துலக்குதல் கூடாது. தேய்த்தால் மேற்பரப்பில் படிந்த தடயங்கள் அழியும். கிடைத்த இடம், ஆழம், உடனிருந்த பானையோடு ஆகியவற்றைக் குறித்துக்கொள்ள வேண்டும். பத்து ரூபாய்க்கு மேற்பட்ட மதிப்புள்ள புதையலைக் கண்டெடுத்தவர் மாவட்ட ஆட்சியருக்கு எழுத்து வழியாக அறிவிக்க வேண்டும் என்கிறது 1878ஆம் ஆண்டின் இந்தியப் புதையல் சட்டம். 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டம், நூறாண்டு கடந்த நாணயங்களைத் தனியார் அயல்நாட்டுக்கு அனுப்புவதைத் தடைசெய்கிறது.

காசு சேகரித்தல் நல்ல பயிற்சி. எனினும் கண்ணாடிப் பேழைக்குள் பளபளக்கும் பெயரற்ற காசைவிட, ஊரும் ஆழமும் குறிக்கப்பட்ட கறுத்த காசே நமக்கு மிகுதியாகக் கற்பிக்கிறது.

கற்பவை கற்றபின்

1. மாம்பலப் புதையலின் காலத்தை ஒரு தெனாரியஸ் எவ்வாறு உணர்த்துகிறது? விளக்குக.
2. எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தின் நாணயங்களைக் கண்டு, அவற்றின் வடிவ வேறுபாடுகளைத் தொகுத்து எழுதுக.