கந்தையில் மலரும் விண்மீன்

நுழையும்முன்

கலை, பொருள் மிகுதியால் மட்டும் பிறப்பதில்லை. கையிலுள்ளதை அறிந்து, அளந்து, பயன்கொள்ளும் அறிவாலும் பிறக்கிறது. பழந்துணிகளை இணைத்து விண்மீன் வடிவில் தைக்கப்படும் ஒட்டுப்போர்வை அதற்குச் சான்றாகும்.

எட்டும் ஒன்றும்

திருவண்ணாமலையைச் சுற்றிச் செல்லும் 14 கி.மீ. கிரிவலப் பாதையில், மலையின் மேற்குப்புறம் அமைந்த ஊர் அடி அண்ணாமலை. அப்பாதையில் திசைக்கு ஒன்றாக எட்டு இலிங்கங்கள் உள்ளன. நடுவே மலை, சுற்றிலும் எட்டுத் திசைகள். இவ்வமைப்பைத் துணியில் வரைந்தாற்போன்றது எண்முனை விண்மீன்.

இவ்விண்மீன் எட்டுச் சாய்சதுரங்களால் ஆனது. ஒவ்வொன்றின் கூர்ங்கோணமும் 45°. எட்டும் நடுவில் கூடும்போது 360° நிறைகிறது. ஒவ்வொரு துண்டிலும் 1° பிழை நேரின், மொத்தப் பிழை 8° ஆகிவிடும். கோணம் குறைந்தால் நடுப்பகுதி கூம்பாக எழும். கூடினால் துணி அலையலையாய்ச் சுருங்கும். மேலும், சாய்சதுரத்தின் இரு பக்கங்கள் இழையின் போக்கில் அமையும். மற்ற இரண்டும் இழைக்குச் சாய்வாக அமையும். சாய்பக்கம் இழுத்தால் நீளும். ஆதலின், ஒரு துண்டின் சாய்பக்கத்தை அடுத்த துண்டின் நேர்பக்கத்தோடு சேர்த்துத் தைத்தல் வேண்டும். நீளும் பக்கத்தை நீளாப் பக்கம் பிடித்துக்கொள்ளும்.

கையிருப்பே வழிகாட்டி

வேண்டிய துணியை வாங்கித் தைப்போர் முதலில் வடிவத்தை எண்ணுவர். வீட்டிலுள்ள துணியைக் கொண்டு தைப்போரோ முதலில் துணியை அறிதல் வேண்டும். பழஞ்சேலையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் நைந்த இடம் புலப்படும். அதனை விலக்க வேண்டும். பலமுறை துவைத்த பருத்தித்துணி மேலும் சுருங்காது, புதியது சுருங்கும். இரண்டையும் இணைப்பதாயின், புதியதை முன்னரே நனைத்து உலர்த்துதல் நன்று. ஒரே துணியில் எட்டுத் துண்டுகள் தேறாவிடில், நீலம் நான்கு, சிவப்பு நான்கு என மாற்றி மாற்றி அமைக்கலாம். வெளுத்த பழைய வேட்டி பின்புலமானால் விண்மீன் எடுப்பாகத் தோன்றும். இவ்வாறு, பற்றாக்குறையே புதிய அமைப்பைத் தோற்றுவிக்கிறது.

முள்ளே ஊசி

1896இல் அண்ணாமலைக்கு வந்து, 1950இல் மறையும்வரை அங்கேயே வாழ்ந்தவர் ரமண மகரிஷி. அவர் வாழ்வில் நிகழ்ந்ததாக ஒரு செய்தி கூறப்படுகிறது. கோவணம் கிழிந்தபோது, எவரிடமும் ஊசி கேட்க அவர் விரும்பவில்லை. முள் ஒன்றில் மற்றொரு முள்ளால் துளையிட்டு, அக்கோவணத்திலிருந்தே நூலை உருவிக் கோத்து, கிழிசலைத் தைத்துக்கொண்டாராம். ஊசியும் நூலும் அருகிலேயே இருந்தன. அவற்றைக் காணும் கண்ணே தேவைப்பட்டது.

துறவியிடம் எளிமையாக வெளிப்பட்ட இவ்வறிவு, இல்லங்களில் அழகாகவும் மலர்ந்துள்ளது. கர்நாடகத்தின் உத்தர கன்னட மாவட்டத்தில் வாழும் சித்தி மக்கள் ஆப்பிரிக்க வழித்தோன்றல்கள். அவர்தம் மகளிர் பழந்துணிகளைக் கொண்டு ‘கவந்தி’ எனும் போர்வையைத் தைக்கின்றனர். அதன் மூலைகளில் முக்கோணமாக மடித்துத் தைக்கும் துண்டினை மலர் என்றே அழைக்கின்றனர். அம்மலர்கள் இல்லையேல் போர்வை நிறைவுறாது என்பது அவர்கள் கருத்து. குளிரைத் தடுக்க மலர் வேண்டியதில்லை. ஆயினும், வறுமையிலும் அழகை விட்டுக்கொடாத மனத்திற்கு அது வேண்டும்.

துணி மலிந்த இக்காலத்தில், பழந்துணி எளிதில் குப்பையாகிறது. அதனை எறியுமுன் ஒருமுறை விரித்துப் பார்ப்போம். அதில் எத்தனை சாய்சதுரங்கள் தேறும் என எண்ணத் தொடங்கும்போதே, கழிவு என்னும் சொல் பொருளிழந்துவிடுகிறது.

கற்பவை கற்றபின்

1. 45° கூர்ங்கோணமுடைய எட்டுச் சாய்சதுரங்களைப் பழைய தாளில் வெட்டி, எண்முனை விண்மீனாக இணைத்துக் காட்டுக.
2. உங்கள் வீட்டில் பழந்துணிகள் எவ்வெவ்வாறு மறுபயன் பெறுகின்றன என்பதனை மூத்தோரிடம் கேட்டறிந்து ஒரு பக்க அளவில் எழுதுக.