பங்குனி-சித்திரை ஆலோசனை: கத்திரிக்கு முன் கம்ப்யூட்டருக்கும் தூர் வாருங்கள்

தாளடி அறுவடை முடிந்து, வைக்கோல் போர் ஏறி, உளுந்தும் பயறும் களத்துக்கு வந்துவிட்ட இந்தப் பங்குனிக் கடைசியிலே, தஞ்சைத் தரணியின் வயல்களுக்குச் சிறிது ஓய்வு கிடைக்கிறது. ஜூன் 12ஆம் தேதி மேட்டூர் அணை திறக்கும் வழக்கத்தை மனத்திற்கொண்டு, தண்ணீர் வருமுன் வாய்க்கால்களைத் தூர் வாரிவிட வேண்டும் என்று நம்மவர் முனைவது இந்த இடைவேளையில்தான். வீட்டிலும் கடையிலும் அரிசி ஆலைக் கணக்கறையிலும் ஓடிக்கொண்டிருக்கும் கம்ப்யூட்டர்களுக்கும், தூசி துடைத்துத் தெர்மல் பேஸ்ட் மாற்றும் அத்தகைய வேலை ஒன்று உண்டு என்பதையும், அதை மே 4ஆம் தேதியையொட்டிப் பிறக்கும் அக்கினி நட்சத்திரத்துக்கு முன்பே முடித்துவிடுவது உசிதம் என்பதையும் எடுத்துரைப்பதே இந்த ஆலோசனையின் நோக்கம்.

இப்போதே ஏன் செய்ய வேண்டும் என்பதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. அறையின் உஷ்ணம் எத்தனை டிகிரி கூடுகிறதோ, ஏறத்தாழ அத்தனை டிகிரி பிராசஸரின் உஷ்ணமும் கூடும். மார்கழிக் காலையில் 75 டிகிரி காட்டிய யந்திரம், அறை பத்து டிகிரி சூடேறிய சித்திரைப் பிற்பகலில் அதே வேலைக்கு 85ஐத் தொடும். மேலும், பிளஸ் டூ முடிவுகள் வெளிவந்து, கல்லூரி விண்ணப்பங்களுக்கும் சாதி, வருமானச் சான்றுகளுக்கும் இ-சேவை மையங்களில் கூட்டம் நிறைவது இந்த மே, ஜூன் மாதங்களில்தான். அன்று யந்திரம் நின்றுபோனால் காத்து நிற்பவர் ஒரு மாணவராகவே இருப்பார்.

உஷ்ணம் போகும் வழி

பிராசஸரில் பிறக்கும் உஷ்ணம், அதன்மேல் அழுந்தி அமர்ந்திருக்கும் செம்பு அல்லது அலுமினிய ஹீட்சிங்கில் ஏறி, அங்கிருந்து ஃபேன் ஊதும் காற்றோடு வெளியேற வேண்டும். இரண்டு உலோகப் பரப்புகளும் கண்ணுக்கு வழவழப்பாகத் தோன்றினாலும் அவற்றிடையே நுண்ணிய பள்ளங்கள் உண்டு. அவற்றில் தங்கும் காற்றோ உஷ்ணத்தைக் கடத்துவதில் மிகவும் சோம்பேறி. செம்பின் கடத்தும் திறன் 400 என்றால் காற்றினுடையது 0.03க்கும் குறைவு, இவ்விரு பரப்புகளுக்கிடையே பூசுவதற்குச் சாதாரணமாகக் கிடைக்கும் நல்ல தெர்மல் பேஸ்டினுடையது 4 முதல் 8 வரை. ஆகையால் காற்றை வெளியேற்றிப் பள்ளங்களை நிரப்புவதற்கு மட்டுமே பேஸ்ட் வேண்டும். அதைத் தடிமனாக அப்பினால் உலோகங்களின் நெருக்கத்தை அதுவே கெடுத்துவிடும்.

நாள்தோறும் சூடாகியும் ஆறியும் வரும் யந்திரத்தில் இந்தப் பேஸ்ட் சிறிது சிறிதாக ஓரங்களுக்குப் பிதுங்கிவிடும். அதிலுள்ள எண்ணெய்ப் பசை பிரிந்துபோக, எஞ்சிய பொடி கோடையில் வற்றிய குளத்து வண்டலைப் போல் பாளம் பாளமாக வெடித்திருக்கும். ஆலைக் கணக்கறைக் கம்ப்யூட்டரைத் திறந்து பார்த்தவர் அறிவர்: ஃபேனுக்கும் ஹீட்சிங்கின் தகடுகளுக்கும் நடுவே உமித்தூளும் வைக்கோல் சுணையும் ஒட்டடையும் சேர்ந்து, கம்பளித் துண்டு ஒன்றைச் செருகிவைத்தாற்போல் காற்றின் வழியை அடைத்திருக்கும். தலைவாய்க்காலைச் சீர்செய்து கடைமடையை மறந்தவன் கதையாகும், இந்தத் தூசியை எடுக்காமல் பேஸ்டை மட்டும் மாற்றுவது.

யாருக்கு அவசியம்

பிற்பகலில் மட்டும் யந்திரம் தளர்ந்து நடப்பது, ஃபேன் ஓயாமல் இரைவது, காரணமின்றி அணைந்துபோவது ஆகியவை அடையாளங்கள். எச்.டபிள்யூ. மானிட்டர் போன்ற இலவச மென்பொருளைத் திறந்து வைத்து, வழக்கமான வேலையை அரைமணி நேரம் செய்து, ஏறிய உச்ச உஷ்ணத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். 85க்குள் நின்றால் தூசி துடைப்பதே போதும். 95ஐ நெருங்கினால் தாமதம் கூடாது. ஏனெனில் பல பிராசஸர்கள் 95 முதல் 100 டிகிரியில் தம்மைக் காத்துக்கொள்ளத் தம் வேகத்தைத் தாமே குறைத்துக்கொள்கின்றன. 2011ஆம் ஆண்டு தொடங்கிய அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் கிடைத்த பழைய லேப்டாப்பைத் தம்பி தங்கைகளுக்காக இன்னும் வைத்திருக்கும் குடும்பங்கள் இந்தப் பரிசோதனையை அவசியம் செய்ய வேண்டும். உத்தரவாதக் காலம் முடியாத புதிய யந்திரத்தை மட்டும் நீங்களே திறக்காதீர்கள்.

செய்யும் கிரமம்

முதலில் பத்து நிமிஷம் யந்திரத்தை ஓடவிட்டுப் பழைய பேஸ்டை இளகச் செய்து, பிறகு அணைத்து, மின் இணைப்பைப் பிடுங்கி, லேப்டாப்பானால் பேட்டரி இணைப்பையும் கழற்றிவிடுங்கள். ஃபேன் இறக்கைகளை விரலால் பிடித்துக்கொண்டு தூசியை ஊதி எடுங்கள். ஹீட்சிங்கின் திருகுகளை, எண்கள் பொறித்திருந்தால் அவற்றின் தலைகீழ் வரிசையில், சிறிது சிறிதாகத் தளர்த்துங்கள். ஊசிக்கால்கள் பிராசஸரிலேயே அமைந்த பழைய ஏ.எம்.டி. வகைகளில் ஹீட்சிங்கை நேராக இழுத்தால் பிராசஸரும் கூடவே பிடுங்கிக்கொண்டு வந்து கால்கள் வளைந்துபோகும் அபாயம் உண்டு. ஆகையால் இடமும் வலமும் மெதுவாகத் திருகி, ஒட்டு விட்ட பிறகே தூக்க வேண்டும்.

பழைய பேஸ்டை 90 சதவிகிதத்துக்குக் குறையாத ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் நனைத்த, நூல் பிரியாத துணியால் இரண்டு பரப்புகளும் பளிச்சிடும்வரை துடைத்து உலரவிடுங்கள். மேஜைக் கம்ப்யூட்டரின் பிராசஸருக்கு நடுவில் ஒரு பச்சைப் பட்டாணியளவு பேஸ்ட் போதும். மூடியில்லாத லேப்டாப் சில்லுக்கு அதனினும் குறைவாக எடுத்து, சந்தனக் கீற்றைவிட மெல்லியதாக மூலை விடாமல் பரப்புங்கள். ஹீட்சிங்கை நேராக இறக்கி, எதிரெதிர்த் திருகுகளை மாறிமாறி முடுக்குங்கள். வைத்ததைத் திரும்பத் தூக்க நேர்ந்தால் பேஸ்டைத் துடைத்துவிட்டுப் புதிதாகவே இட வேண்டும். இல்லையேல் உள்ளே காற்றுக் குமிழி நின்றுவிடும்.

செய்யக் கூடாதவை

நினைவகச் சில்லுகளின் மேலுள்ள மெத்தை போன்ற தெர்மல் பேடை எடுத்துவிட்டு அங்கே பேஸ்ட் தடவாதீர்கள். அவ்விடத்து இடைவெளியைப் பேஸ்ட் நிரப்பாது. திரவ உலோகம் என்று விற்கப்படும் வஸ்து மின்சாரத்தைக் கடத்துவது. அதிலுள்ள காலியம் அலுமினியத்தை அரித்துவிடும். பழக்கமில்லாதவர் அதைத் தொட வேண்டாம். லேப்டாப்பைத் திறக்கக் கை நடுங்கினால் நம்பிக்கையான சர்வீஸ் கடையில் கொடுங்கள், அதில் குறைவொன்றுமில்லை.

வேலை முடிந்ததும் முன்போலவே அரைமணி நேரம் ஓட்டி, பழைய குறிப்போடு ஒப்பிட்டுப் பாருங்கள். உஷ்ணம் இறங்கவில்லையென்றால் ஹீட்சிங்க் சரியாகப் படியவில்லை என்று பொருள். யந்திரத்தை மெத்தைமேலும் மேல்வெயில் படும் மேற்குச் சுவரோரத்திலும் வைக்காதீர்கள். பேஸ்ட் மாற்றிய தேதியை ஒரு சீட்டில் எழுதிக் கேபினெட்டின் உட்புறம் ஒட்டிவையுங்கள். அடுத்த இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு, அறுவடைதோறும் தூசி துடைத்து வந்தால் போதும். சித்திரை 20ஆம் தேதிக்குள் இந்த வேலையை முடித்துவிடுங்கள்.