கடன் கேட்டு வருவது ஒரு நாடாக இருந்தால்

2022 ஏப்ரல் 18-ம் தேதி இலங்கை அரசு தன் டாலர் பத்திரங்கள் இரண்டுக்கு 7 கோடியே 80 லட்சம் டாலர் வட்டி கட்டியிருக்க வேண்டும். கட்டவில்லை. முப்பது நாள் அவகாசமும் மே 18-ல் தீர்ந்தது. 1948-லிருந்து வெளிநாட்டுக் கடனில் தவணை தவறாத நாடு என்ற பெயர் அன்றோடு போயிற்று. இது யாருக்கும் முன்கூட்டியே தெரியாதா என்று அப்போது பலரும் கேட்டார்கள். தெரிந்தவர்கள் இருந்தார்கள். அதைத் தெரிந்துவைத்திருப்பதற்குத்தான் அவர்களுக்குச் சம்பளம்.

ஓர் அரசு வாங்கிய கடனை ஒழுங்காகத் திருப்பிக் கட்டுமா என்று எடைபோடும் வேலைக்கு சாவரின் ரிஸ்க் அனாலிசிஸ் என்று பெயர். பொருளாதாரம், நிதி, சட்டம் படிக்கும் நம் பிள்ளைகளுக்கு இந்தத் தொழில் பெயரளவில் தெரியும். கூடவே சில தப்பான எண்ணங்களும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன.

நம்பிக்கை: நாடு எப்படித் திவாலாகும்? நோட்டு அடித்துக் கட்டிவிடலாமே.

இப்படி நினைத்தவர்களில் பெரிய மனிதர்களும் உண்டு. நாடுகள் திவாலாவதில்லை என்பது சிட்டிபேங்க்கின் தலைவராக இருந்த வால்டர் ரிஸ்டனின் பேர்போன வாதம். 1982 ஆகஸ்டில் மெக்சிகோ கையை விரித்தது. லத்தீன் அமெரிக்காவின் பாதி பின்னாலேயே வந்தது. டாலரில் வாங்கிய கடனுக்கு டாலர்தான் வேண்டும். அதை அச்சடிக்கும் இயந்திரம் மெக்சிகோவிலும் இல்லை, கொழும்பிலும் இல்லை. சொந்தப் பணத்தில் வாங்கிய கடனாவது பத்திரமா என்றால் அதுவும் இல்லை. 1998 ஆகஸ்டில் ரஷ்யா தன் ரூபிள் பத்திரங்களுக்கே பணம் தராமல் நிறுத்தியது.

தனிமனிதன் கட்டாவிட்டால் வீட்டை ஜப்தி செய்யலாம். நாட்டை என்ன செய்வது? 2012 அக்டோபரில் அர்ஜென்டினா கடற்படையின் பயிற்சிக் கப்பல் லிபர்டாட், கானாவின் தேமா துறைமுகத்துக்குள் வந்தபோது ஒரு முதலீட்டு நிறுவனம் நீதிமன்ற உத்தரவு வாங்கி அதை நிறுத்திவைத்தது. 2001-ல் அர்ஜென்டினா கைவிட்ட பத்திரங்கள் அந்த நிறுவனத்திடம் இருந்தன. டிசம்பரில் சர்வதேசக் கடல்சட்டத் தீர்ப்பாயம் கப்பலை விடச் சொல்லிவிட்டது. ஒரு நாட்டிடம் கடனை வசூலிப்பது எத்தனை சிரமம் என்பதற்கு இதைவிட நல்ல பாடம் கிடையாது.

அதனால் இந்தத் தொழிலில் கேள்வி இரண்டு. கட்ட முடியுமா? கட்ட மனம் இருக்கிறதா? 1991-ல் இந்தியாவுக்கு முதல் கேள்வியில் தேர்ச்சி சந்தேகம்தான். கையிருப்பு சில வார இறக்குமதிக்கே போதாத நிலை. ஆனால் நாகர்கோவிலில் பிறந்த எஸ். வெங்கிடரமணன் ரிசர்வ் வங்கி ஆளுநராக இருந்தபோது, ஏறத்தாழ 47 டன் தங்கம் பாங்க் ஆஃப் இங்கிலாந்துக்கும் பாங்க் ஆஃப் ஜப்பானுக்கும் அடகு போனது. அரசியல் ரீதியாக அவமானம், தவணை தவறவில்லை. அர்ஜென்டினாவோ 2017-ல் நூறு ஆண்டுப் பத்திரம் விற்று, மூன்றே ஆண்டில், 2020-ல், தன் வரலாற்றின் ஒன்பதாவது கடன் தவறலில் போய் நின்றது. ஜிடிபி, பற்றாக்குறை, கையிருப்பு என்று எண்களை அடுக்கிவைத்தால் முதல் கேள்விக்குப் பாதி பதில் கிடைக்கும். இரண்டாவது கேள்விக்கு அந்த நாட்டின் வரலாற்றையும் அரசியலையும் படித்தாக வேண்டும்.

நம்பிக்கை: கணக்குப் புலிகளுக்கும் பிஎச்டிகளுக்கும் மட்டுமே உரிய வேலை.

கணக்கு வேண்டும். ஆனால் ரேட்டிங் நிறுவனமான எஸ் அண்ட் பி ஒரு நாட்டை எடைபோடும் முறை யார் வேண்டுமானாலும் படிக்கக்கூடிய ஆவணமாகப் பொதுவெளியில் கிடக்கிறது: அரசு நிர்வாகம், பொருளாதாரம், வெளிநாட்டு வரவு செலவு, அரசின் நிதிநிலை, பணக்கொள்கை என ஐந்து தலைப்புகள், ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 6 வரை மதிப்பெண். இதற்குத் தேவையான கூட்டல் கழித்தலை பட்டதாரி ஒருவர் ஒரே மாதத்தில் பழகிவிடுவார். கஷ்டம் அங்கே இல்லை.

எங்கே என்று காட்டுகிறேன். 2021 நவம்பர் முடிவில் இலங்கையின் அந்நியச் செலாவணிக் கையிருப்பு சுமார் 160 கோடி டாலர். டிசம்பர் முடிவில் 310 கோடி. எக்செல் ஷீட்டில் புது எண்ணைப் போட்டால், எத்தனை மாத இறக்குமதிக்குத் தாங்கும் என்ற விகிதம் தானாகவே அழகாகிவிடும். எந்த மாடலும் முகம் சுளிக்காது. ஒரே மாதத்தில் ஏற்றுமதியோ சுற்றுலாவோ அப்படித் துள்ளிவிடவில்லையே, பிறகு பணம் எங்கிருந்து வந்தது என்று கேட்பவர்தான் அனலிஸ்ட். சீன மத்திய வங்கியோடு செய்துகொண்ட 1,000 கோடி யுவான் பரிமாற்ற ஒப்பந்தம், அதாவது சுமார் 150 கோடி டாலர், கணக்கில் ஏறியிருந்தது. மூன்று மாத இறக்குமதிக்கான கையிருப்பு இருந்தால்தான் அதைத் தொடலாம் என்பது நிபந்தனை. பிறகு மத்திய வங்கி ஆளுநராக வந்த நந்தலால் வீரசிங்க இதை வெளிப்படையாகவே சொன்னார். அடகுக்கடையில் கிடக்கும் நகையை பீரோவில் இருப்பதாகக் கணக்குக் காட்டுகிற கதைதான். 2022 மே தொடக்கத்தில் நிதியமைச்சர் அலி சப்ரி, கையில் எடுத்துப் புழங்கக்கூடிய கையிருப்பு 5 கோடி டாலர்கூட இல்லை என்று நாடாளுமன்றத்தில் ஒப்புக்கொண்டார்.

சட்டம் படித்தவர்களுக்கும் இங்கே இடம் உண்டு, அதுவும் நல்ல இடம். 2022 ஜூலையில் முதிர வேண்டிய இலங்கைப் பத்திரம் ஒன்றின் மொத்தத் தொகை 100 கோடி டாலர். அதன் விதிகளை மாற்ற 75 சதவீதப் பத்திரதாரர்களின் சம்மதம் வேண்டும். ஹாமில்டன் ரிசர்வ் பேங்க் என்ற சிறிய வங்கி 25 கோடி டாலருக்கு மேல் வாங்கிவைத்துக்கொண்டு நியூயார்க் நீதிமன்றத்துக்குப் போனது. மற்ற எல்லோரும் தலையாட்டினாலும் அந்தப் பத்திரத்தின் மறுசீரமைப்பைத் தடுக்க இந்தக் கால்வாசி போதும். பத்திர ஆவணத்தின் நூற்றுச்சொச்சம் பக்கங்களுக்குள் புதைந்திருக்கும் அந்தப் பிரிவைப் பொறுமையாகப் படித்தவருக்கு இது ஆச்சரியமாக இருந்திருக்காது. எகானமெட்ரிக்ஸில் தங்கப் பதக்கம் வாங்கிவிட்டு ஒப்பந்தம் படிக்கச் சோம்பல்படுகிறவரைவிட, ஒப்பந்தத்தைப் படிக்கத் தெரிந்த சுமாரான கணக்குக்காரரை நான் வேலைக்கு எடுப்பேன்.

எண்களே அரசியலாகும் இடங்களும் உண்டு. கிரீஸில் 2009 அக்டோபரில் பதவியேற்ற புதிய அரசு, பழைய பற்றாக்குறைக் கணக்கு பொய் என்று அறிவித்தது. பிறகு புள்ளியியல் துறைக்குத் தலைவராக வந்து கணக்கைச் சரிசெய்த ஆண்ட்ரியாஸ் ஜியோர்ஜியூ மீது, பற்றாக்குறையை ஊதிக் காட்டினார் என்று வழக்கு மேல் வழக்காகப் போட்டார்கள்; ஐரோப்பியப் புள்ளியியல் அலுவலகம் அவருடைய கணக்கை ஏற்றுக்கொண்டிருந்த பிறகும்.

நம்பிக்கை: ஓர் அனலிஸ்ட் நினைத்தால் ஒரு நாட்டையே கவிழ்த்துவிடலாம்.

சினிமாவில் நடக்கலாம். ரேட்டிங் நிறுவனங்களில் ஒரு நாட்டின் மதிப்பீட்டைக் குழு கூடி, ஓட்டெடுத்து முடிவு செய்கிறது. அந்த நாட்டைப் பார்த்துக்கொள்ளும் அனலிஸ்ட் முன்மொழிவார், வாதாடுவார். அவருக்கும் ஓர் ஓட்டுதான். தான் மதிப்பிடும் நாட்டின் பத்திரத்தை அவர் சொந்தமாக வைத்திருக்கக் கூடாது. ஐரோப்பிய ஒன்றிய விதிப்படி, முதன்மை அனலிஸ்ட் ஒரே நாட்டை நான்கு ஆண்டுக்கு மேல் தொடர்ந்து பார்க்கவும் முடியாது. அறிவிப்புத் தேதிகளை முந்தைய டிசம்பரிலேயே வெளியிட வேண்டும். அறிவிப்பும் வெள்ளிக்கிழமை சந்தை மூடிய பிறகுதான். இந்தத் தொழிலில் வெள்ளிக்கிழமை சாயங்காலம் யாருக்கும் சொந்தமில்லை.

அரசுகள் சும்மா இருப்பதும் இல்லை. 2011 ஆகஸ்டில் எஸ் அண்ட் பி அமெரிக்காவின் ட்ரிபிள் ஏ மதிப்பீட்டை இறக்கப்போகும் நேரத்தில், உங்கள் கணக்கில் 2 லட்சம் கோடி டாலர் தப்பு என்று அமெரிக்கக் கருவூலம் சுட்டிக்காட்டியது. நிறுவனம் கணக்கைத் திருத்திக்கொண்டது, மதிப்பீட்டையும் இறக்கியது. வாஷிங்டனில் நடக்கும் அரசியல் இழுபறியே காரணம் என்றது. முடிவு சரியா தப்பா என்று இன்றும் வாதிடலாம். இத்தனை பெரிய தவற்றை எதிர்த்தரப்பு கண்டுபிடிக்கும் நிலைக்கு ஓர் ஆவணத்தை விட்டிருக்கக் கூடாது என்பதில் வாதமே இல்லை.

இந்தியாவும் புலம்பியிருக்கிறது. 2007-ல் எஸ் அண்ட் பி தந்த பிபிபி மைனஸ், பதினெட்டு ஆண்டு கழித்து 2025 ஆகஸ்டில்தான் பிபிபி ஆனது. 2020-21 பொருளாதார ஆய்வறிக்கை, நம் அடிப்படைகளுக்கும் நமக்குத் தரும் மதிப்பீட்டுக்கும் பொருத்தமே இல்லை என்று ஒரு அத்தியாயமே எழுதியது. அதில் பாதி நியாயம் உண்டு. நிர்வாகத் தரம் போன்ற தலைப்புகளில் மதிப்பெண் போடுகிறவரின் சாய்வு நுழையத்தான் செய்யும். மத்திய, மாநில அரசுகளின் வருவாயில் கிட்டத்தட்ட கால்வாசி வட்டிக்கே போகிறது என்பதை மட்டும் யாரும் கற்பனை செய்யவில்லை.

நம்பிக்கை: வீடு எரிந்த பிறகு மணி அடிப்பவர்கள்.

தென்கொரியர்கள் இதைச் சொன்னால் மறுக்க முடியாது. 1997 அக்டோபர் வரை ஏஏ மைனஸில் வைத்திருந்த எஸ் அண்ட் பி, டிசம்பரில் அதைக் குப்பைத் தரத்துக்கு இறக்கியது. நாடு மூன்று மாதத்தில் மாறிவிடவில்லை. வங்கிகளின் குறுகிய காலக் கடனை யாரும் சரியாகப் பார்க்கவில்லை.

ஆனால் இலங்கையில் கதை வேறு. 2019 கடைசியில் புதிய அரசு வாட் வரியை 15 சதவீதத்திலிருந்து 8 ஆகக் குறைத்த சில வாரங்களிலேயே ஃபிட்ச் என்ற ரேட்டிங் நிறுவனம் தன் கண்ணோட்டத்தை எதிர்மறையாக்கியது. 2020 செப்டம்பரில் இன்னொரு ரேட்டிங் நிறுவனமான மூடிஸ் இரண்டு படி இறக்கியது. கொழும்பு அதை ஆதாரமற்றது என்று கண்டித்தது. 2021-ல் அரசு வருவாயில் எழுபது சதவீதத்துக்கு மேல் வட்டிக்கே போனது. இத்தனைக்குப் பிறகும், 2022 ஜனவரி 18-ல் முதிர்ந்த 50 கோடி டாலர் பத்திரத்தை அரசு முழுசாகக் கட்டியது. இறக்குமதியாளர்கள் டாலருக்குத் திண்டாடிக்கொண்டிருந்த நேரம் அது. கட்டும் மனம் அளவுக்கு மீறி இருந்ததும் ஒரு ரிஸ்க்தான் என்று அன்று எழுதியவர்கள் ரேட்டிங் நிறுவனங்களுக்கு வெளியே இருந்தார்கள்.

நம்பிக்கை: நியூயார்க்கிலும் லண்டனிலும் மட்டும் கிடைக்கிற வேலை, சம்பளம் கொட்டும்.

மும்பையில் 1957-லிருந்து இருக்கும் இசிஜிசி, ஏற்றுமதியாளருக்குக் காப்பீடு தரும் அரசு நிறுவனம். திருப்பூரிலிருந்து பனியன் அனுப்புகிறவருக்கு, வாங்கும் நாட்டின் டாலர் தட்டுப்பாட்டால் பணம் வராமல் போனால் நஷ்டத்தைத் தாங்குவது அது. அதற்காக நாடுகளை ரிஸ்க் வாரியாகத் தரம் பிரிக்கிறது. எக்ஸிம் வங்கியிலும், அந்நியச் செலாவணியை முதலீடு செய்யும் ரிசர்வ் வங்கியிலும் இதே மாதிரி வேலை உண்டு. கேர்எட்ஜ் குழுமம் 2024-ல் 39 நாடுகளுக்கு மதிப்பீடு வெளியிட்டு, இதில் இறங்கிய முதல் இந்திய நிறுவனம் ஆனது. சம்பளம், நிதி மேலாண்மை நிறுவனங்களிலும் பெரிய வங்கிகளிலும்தான் அதிகம். ரேட்டிங் நிறுவனத்தில் நிதானம். பலர் அங்கே எழுதப் பழகிக்கொண்டு பெரிய வங்கிகளுக்குத் தாவுகிறார்கள்.

சேர விரும்புகிறவர்கள் சான்றிதழ் வகுப்புக்குப் பணம் கட்டுமுன் ஒரு பயிற்சி செய்து பாருங்கள். மாலத்தீவை எடுத்துக்கொள்ளுங்கள். ஐஎம்எஃப் அறிக்கையும் அந்நாட்டு நிதியமைச்சகத்தின் கடன் அறிக்கையும் இணையத்தில் இலவசம். 2024 ஆகஸ்ட் கடைசியில் ஃபிட்ச் அந்த நாட்டை சிசி-க்கு இறக்கியது. சுக்குக் எனும் இஸ்லாமிய முறைப் பத்திரத்தின் தவணையைக் கட்டுவார்களா என்று சந்தை நடுங்கியது. அக்டோபரில் ரிசர்வ் வங்கி 40 கோடி டாலரும் 3,000 கோடி ரூபாயும் தரும் பரிமாற்ற ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டது. நீங்கள் அந்த ஆகஸ்டில் உட்கார்ந்திருப்பதாக வைத்துக்கொண்டு நான்கு பக்கம் எழுதுங்கள். இந்தியாவே வெளியேறு என்ற கோஷத்தோடு ஆட்சிக்கு வந்த அரசுக்கு இந்தியா கைகொடுக்கும் என்று எழுதுவீர்களா? எழுதினால், குழுவில் ஒருவர் ஆதாரம் கேட்கும்போது எந்தப் பக்கத்தைத் திருப்பிக் காட்டுவீர்கள்?