வயிற்றுக்குள் இருக்கும் நல்ல கிருமிகள்



மருத்துவ உதவி கேட்டு நம் டிரஸ்டுக்கு வரும் சீட்டுகளில் புரோபயாடிக் என்ற பெயரை இப்போது அடிக்கடி பார்க்கிறோம். பொடி பாக்கெட், சிறு குப்பி, கேப்சூல் என்று பல வடிவில் வருகிறது, விலையும் கூடுதல். பிள்ளைக்கு வயிற்றோட்டம் என்றால் இதை வாங்கித்தான் ஆக வேண்டுமா என்று தாய்மார்கள் கேட்கிறார்கள்.

நம் குடலில் கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் இருக்கின்றன. உணவைச் செரிக்கவும் தீய கிருமிகளுக்கு இடம் கொடுக்காமலிருக்கவும் அவை உதவுகின்றன. அந்த வகையில் நன்மை செய்யும் உயிருள்ள கிருமிகளை உணவாகவோ மருந்தாகவோ கொடுப்பதே புரோபயாடிக்.

பலன் இல்லாமல் இல்லை. கொல்கத்தாவில் 1 முதல் 5 வயதுக் குழந்தைகளுக்கு 12 வாரம் இத்தகைய பானம் கொடுத்துப் பார்த்ததில் வயிற்றோட்டம் சுமார் 14 சதவீதம் குறைந்தது. 2011இல் அந்த ஆய்வு வெளியானது. ஒடிசா கிராமங்களில் 4,500க்கும் மேற்பட்ட பச்சிளம் குழந்தைகளிடம் நடந்த இன்னொரு ஆய்வில், ரத்தத்தில் கிருமி பரவுவதும் இறப்பும் சுமார் 40 சதவீதம் குறைந்ததாக 2017இல் எழுதினார்கள். ஆனால் அங்கே கொடுத்தது குறிப்பிட்ட ஒரு வகைக் கிருமி, மருத்துவர்களின் கண்காணிப்பில். கடையில் கிடைப்பதெல்லாம் அதுவல்ல. கைக்குழந்தைக்கு டாக்டரைக் கேட்காமல் எதையும் கொடுக்காதீர்கள்.

வயிற்றோட்டத்தில் உயிரைப் பறிப்பது பெரும்பாலும் உடம்பில் நீர் வற்றுவதுதான். ஆகவே முதல் மருந்து ஓ.ஆர்.எஸ். ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகக் கிடைக்கும். ஒரு லிட்டர் பாக்கெட் என்றால், கொதித்து ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் முழுவதையும் கரைத்து, ஸ்பூன் ஸ்பூனாகக் கொடுக்க வேண்டும். 24 மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது. கூடவே அங்கு தரும் துத்தநாக மாத்திரையை, ஓட்டம் நின்றாலும் 14 நாள் முடிக்க வேண்டும். தாய்ப்பாலை நிறுத்தக் கூடாது. கண் குழிவிழுந்தாலோ, சிறுநீர் போகாவிட்டாலோ, மலத்தில் ரத்தம் வந்தாலோ, பிள்ளை குடிக்க முடியாமல் சோர்ந்தாலோ உடனே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள். பாதியில் மிச்சம் வைத்த ஆன்டிபயாடிக்கைக் கொடுப்பது வேண்டாம். அது நல்ல கிருமிகளையும் சேர்த்துக் கொல்லும்.

பெரியவர்களுக்கோ, நன்னிமார் வைத்துப்போன வழியே போதும். உறை ஊற்றிய தயிர், மோர், இரவில் தண்ணீர் ஊற்றி வைத்த பழைய சோறு. மூன்றிலும் பால் அமிலக் கிருமிகள் உயிரோடு இருக்கின்றன. தயிரைக் கொதிக்கும் குழம்பில் விட்டால் அவை செத்துவிடும். ருசிக்கு விடலாம், வயிற்றுக்கு மருந்தென்று அல்ல. ஸஹரில் தயிர் சேர்த்துக்கொண்டால் நோன்பு நேரத்தில் வயிற்றுக்கு இதமாக இருக்கும்.

புளித்த சோறு கூடுமா என்று சிலர் கேட்டார்கள். ஓர் இரவில் அதில் உண்டாவது புளிப்பு, போதையல்ல. பழம் ஊறிய நீரை நபி (ஸல்) அவர்கள் அருந்தியதும், மூன்றாம் நாளுக்கு மேல் அதை வைத்துக்கொள்ளாததும் முஸ்லிம் நூலில் இப்னு அப்பாஸ் (ரலி) அறிவிப்பாக வந்துள்ளது. நம்மூர் வெயிலில் சோற்றுக்கு ஓர் இரவே அதிகம். நுரைத்தால், வாடை மாறினால் கொட்டிவிடுங்கள். கேப்சூல் வாங்குவோர் அதன் உறை எந்த ஜெலட்டின் என்று மருந்துக் கடையில் கேட்டுக்கொள்ளலாம், பொடியாகவும் கிடைக்கிறது.

பட்டாசு வேலைக்குப் போகும் சகோதர சகோதரிகளுக்கு ஒன்று. தூக்குச்சட்டியைத் திறக்குமுன் சோப்புப் போட்டு முழங்கை வரை கழுவுங்கள். வெறும் தண்ணீரில் அலுமினியப் பொடி போகாது.