மறுமணமும் விடுதலைப் பத்திரமும்

துணையை இழந்த பெண்ணுக்கு மீண்டும் ஒருவர்மீது அன்பு அரும்புவது இறந்தவரை மறந்துவிட்டதன் அடையாளமன்று. எனினும் நசரத்பேட்டை, பூந்தமல்லி வட்டாரத்தில் அந்த அன்பு ஊரார் காதுக்கு எட்டியதுமே, பெங்களூரு நெடுஞ்சாலையையொட்டி விலை ஏறிவிட்ட மனையைப் பற்றிய பேச்சு புகுந்த வீட்டில் தொடங்கிவிடுகிறது. மறுமணம் செய்துகொள்பவளுக்கு முதல் கணவரின் சொத்தில் பங்கில்லை என்று அப்போது சொல்லப்படுவது பொய். 1856ஆம் ஆண்டின் இந்து விதவைகள் மறுமணச் சட்டம், மறுமணத்தை அனுமதித்த கையோடு அத்தகைய இழப்பையும் விதித்திருந்தது உண்மையே. ஆனால் 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டம், உயில் எழுதாமல் இறந்தவரின் சொத்தில் மனைவி, பிள்ளைகள், தாய் ஆகியோருக்குச் சமபங்கு அளித்தது. பழைய சட்டம் 1983இல் நீக்கப்பட்டது. அவ்வாறு கிடைத்த பங்கு பின்னர் நடக்கும் மறுமணத்தால் பறிபோவதில்லை என்பதை 2008இல் உச்ச நீதிமன்றமும் உறுதிசெய்தது.

இது தெரியாமல் போடப்படும் ஒரு கையெழுத்தே எல்லாவற்றிலும் பெரிய இழப்பைத் தருகிறது. விடுதலைப் பத்திரம் எனப்படுவது, பொதுவில் உள்ள சொத்தில் ஒருவர் தம் பங்கை மற்றப் பங்குதாரர்களுக்கு விட்டுக்கொடுக்கும் ஆவணம். "கல்யாணத்துக்குத் தடை சொல்லமாட்டோம், இதுல மட்டும் ஒரு கையெழுத்துப் போட்டுடும்மா" என்று பெரியவர்கள் கேட்கும்போது, கூச்சமும் குற்றவுணர்வும் சேர்ந்து பேனாவை எடுக்க வைக்கின்றன. சார்பதிவாளர் முன் பதிவாகிவிட்டாலோ, அதை அசைக்க உரிமையியல் நீதிமன்றத்தில் ஆண்டுக்கணக்கில் அலைய நேரும். மைனர் பிள்ளையின் பங்கை, நீதிமன்ற அனுமதியின்றித் தாயும் விட்டுக்கொடுக்க இயலாது. இவ்வரிகளை எழுதுபவர் அந்தக் கையெழுத்தை மறுத்தவர். அதற்காகக் கேட்ட வசவும், கொழுந்தனார் வீட்டு விசேஷங்களுக்கு அழைப்பு நின்றுபோனதும் இன்னும் ஆறவில்லை, ஆயினும் மறுத்தது சரியே என்பதில் அவருக்கு ஐயமில்லை.

வாரிசுச் சான்றிதழ், பட்டா மாற்றம், திருமணப் பதிவு ஆகியவை வழக்கமான அலுவலக வேலைகளே. தொழிற்சாலைப் பணியாளரின் மனைவிக்கு வருங்கால வைப்புநிதி வழியாக வரும் ஓய்வூதியம் மறுமணத்தோடு நின்றுவிடும். பிள்ளைகளுக்குரிய தொகை அப்போது உயர்வதால், மறுமணத்தை மறைப்பது அவர்களுக்கே நட்டம்.

புதிய துணையாக வருபவரிடம் இத்தாள்கள் அனைத்தையும் முன்கூட்டியே காட்டிவிட வேண்டும். மறைந்தவரின் படம் கூடத்திலேயே இருக்கும், மாமியாருக்கு மாதந்தோறும் பணம் போகும், பிள்ளையின் இனிஷியல் மாறாது என்பவற்றைக் கேட்டு, எதையும் குறைக்கச் சொல்லாமல் அவர் ஏற்றுக்கொண்டால், இன்னும் ஓராண்டு போகட்டும் என்று சுற்றத்தார் விதிக்கும் கெடுவுக்காகக் காத்திருக்கத் தேவையில்லை.