துப்பாக்கி ஏன் உதைக்கிறது?

என்.சி.சி. முகாமில் முதல் தடவையாக பாயிண்ட் 22 ரைபிளைக் கையில் வாங்கினேன். "தோள் கழண்டுடும்டா!" என்று சீனியர் அண்ணன்கள் பயமுறுத்தியிருந்தார்கள். கண்ணை மூடிக்கொண்டு ஐந்து குண்டு சுட்டேன். அட்டையில் ஒரு ஓட்டைகூட இல்லை! ஆனால் தோளுக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஏன்?

இயற்பியல் சாரிடம் கேட்டேன். உந்த அழிவின்மை விதிப்படி கணக்குப் போடச் சொன்னார். குண்டு 2.6 கிராம், வேகம் விநாடிக்குச் சுமார் 330 மீட்டர், ரைபிள் ஏறக்குறைய 3 கிலோ. அப்படியானால் ரைபிள் பின்னால் வரும் வேகம் விநாடிக்கு 0.3 மீட்டர்தான்! பழைய 303 ரைபிளில் இதுவே சுமார் 2 மீட்டர். வெடிவாயு தரும் உதை தனி.

உதையைக் குறைக்க மூன்று வழி:

1. எடை: ரைபிள் கனமானால் பின்வேகம் குறையும். ஆனா, தூக்கிச் சுமக்கணுமே!

2. ரப்பர் பேடு: தோளில் வைக்கும் கட்டையின் நுனியில் இருக்கும். உந்தம் குறையாது; நேரம் நீள்வதால் விசை குறையும். கிரிக்கெட் பந்தைக் கையைப் பின்னிழுத்துப் பிடிக்கிறோமே, அதுபோல.

3. மசில் பிரேக்: குழல் முனையிலுள்ள துளைகள். வாயுவைப் பக்கவாட்டில் திருப்பிவிடும். ஆனால் பக்கத்தில் இருப்பவர் காது பாவம்! பாயிண்ட் 22-இல் வாயு குறைவு. பெரிய பயன் இல்லை.

எனக்கு மூன்றும் தேவைப்படவில்லை. மறுநாள் கட்டையைத் தோளோடு இறுக்கி அணைத்தேன். கண்ணைத் திறந்தே சுட்டேன். ஐந்தில் மூன்று அட்டையில்!

அடுத்த முகாமுக்குப் போறவங்க முதல்ல கணக்கைப் போட்டுப் பாருங்க. பயம் தானா போயிடும்!