இடுப்பளவையும் கணக்கில் கொள்வோம்



வளைகுடாவிலிருந்து விடுமுறையில் வரும் பிள்ளையைப் பார்த்து, "நல்லா உடம்பு வச்சிருக்கியேப்பா" என்று மகிழ்கிறோம். அது செழிப்பல்ல, பல மணி நேரம் உட்கார்ந்த வேலையும், வெளியே நடக்கவிடாத வெயிலும், நேரங்கெட்ட சாப்பாடும் சேர்த்த எடை.

ஊரிலிருக்கும் நாமும் மேலில்லை. 2023-இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழக ஆய்வின்படி, புதுச்சேரியில் 20 வயதைக் கடந்தவர்களில் 26.3 சதவீதம் பேருக்கு நீரிழிவு. நாட்டின் சராசரி 11.4. வயிற்றில் சேரும் கொழுப்பு இன்சுலினைச் சரியாக வேலை செய்யவிடாது. ஆகவே இடுப்பை அளந்து பாருங்கள். ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. தாண்டக்கூடாது.

வாரம் 150 நிமிடம் வேகமாக நடந்தால் போதும். ஐந்து நாள், அரை மணி நேரம். பள்ளிவாசலுக்கு வண்டியை விட்டு நடப்போம். சுபுஹுக்குப் பிறகு பெண்கள் நாலைந்து பேராகச் சேர்ந்து, வாகனமில்லாத கடற்கரைச் சாலையில் நடக்கலாம். நோன்பு திறக்கும்போது கஞ்சியோடு சமோசாவுக்குப் பதில் பழம் வைப்போம்.

அடுத்த முறை பிள்ளை ஊர் வந்தால், பிரியாணி விருந்துக்கு முன் வெறும் வயிற்றில் ஒரு சர்க்கரைப் பரிசோதனை செய்துவிடுவோம், இன்ஷா அல்லாஹ்.